மோலிசே நாட்டின் புல்வழிகளும் மலையூர்களும்

இத்தாலி தேசம் 20 பிரதேசங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ரோம், வெனிஸ், பிளாரென்ஸ் முதலிய நகரங்களின் பெயரை அறியாதார் சிலரே. ஆயின் அத்தேசத்தின் நடுப்பாகத்துக்கும் தென்பாகத்துக்கும் இடையே அமைந்த மோலிசே என்னும் பிரதேசத்தை இத்தாலியரிலேயே பலர் கண்டதில்லை. "மோலிசே என்று ஒன்று கிடையவே கிடையாது" எனப் பரிகாசமாய்ச் சொல்லுவது அங்கு ஒரு வழக்கமாகிவிட்டது. பேர்பெற்ற பெருநகரம் இல்லாமையும், 1963-ஆம் வருஷம் வரையில் அது வடக்கிலுள்ள அப்ரூஸ்ஸோவுடன் சேர்ந்து ஒரே பிரதேசமாய் இருந்தமையும் இதற்குக் காரணங்கள் எனலாம்.

ஆயினும் ஆடுமாடு வளர்ப்போரும் உழவரும் அறிந்துகொள்ளத்தக்க ஒரு விஷயம் இந்நாட்டில் உண்டு. மலையினின்று சமவெளி வரை நூறு மைலுக்கு மேல் நீண்ட புல்தரை வழிகள், ஏறக்குறைய 365 அடி அகலத்தோடு, பல நூற்றாண்டுகள் ஏர் படாமல் காக்கப்பட்டு வந்தன. அவ்வழிகள் ஏன் உண்டாயின, ஊர்களை எவ்விதம் வளர்த்தன, அவை பயனற்றுப்போனபின் அவ்வூர்களுக்கு நேர்ந்தது யாது என்பவற்றை இக்கட்டுரையிற் காணலாம்.

நாட்டின் அமைப்பு

மோலிசேயின் விஸ்தீரணம் சுமார் 4,460 சதுர கிலோமீட்டர். இத்தாலியப் பிரதேசங்களுள் இதனினும் சிறியது ஒன்றே உண்டு. நிலத்தில் பாதிக்கு மேல் மலை, எஞ்சியது குன்று. அத்தேசத்து நிலக் கணக்கில் சமவெளி என்று இப்பிரதேசத்துக்கு எழுதப்பட்டது ஒன்றுமில்லை. மேற்கில் அபெனைன் மலைத்தொடரும், தெற்கில் மாத்தேசே மலையும் நிற்கின்றன. மாத்தேசேயின் உயர்ந்த சிகரம் 2,050 மீட்டர். கிழக்கே நிலம் படிப்படியாய்த் தாழ்ந்து ஏட்ரியாடிக் கடலை அடைகிறது. காம்போபாஸ்ஸோ, இசேர்னியா என இரண்டு ஜில்லாக்களும், 136 ஊராட்சிகளும் உள்ளன. ஜனத்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவே.

ஊர்களிற் பெரும்பாலானவை குன்றின் உச்சியில் அமைந்தவை. கோட்டையும் கோயிலும் நடுவே நிற்க, கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கியிருக்கும். வயல்கள் சரிவிலும் பள்ளத்தாக்கிலும் இருக்கும். நடுக்காலத்தில் பகைவர்க்கு அஞ்சிய ஜனங்கள் உயரமான இடத்தைத் தேடினர். பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கிய இடங்களில் மலேரியா ஜுரம் இருந்ததும் மற்றொரு காரணம். ஆகவே உழவன் காலையில் வெகுதூரம் இறங்கி, மாலையில் அத்தனை தூரம் ஏறி வீடு திரும்பவேண்டியிருந்தது.

மந்தைகள் இடம் பெயர்ந்த காரணம்

மலைப்புல் கோடையில் செழித்திருக்கும். மழைக்காலம் முடிந்து குளிர் வந்ததும் பனி மூடிவிடும். தென்கிழக்கே புல்யா பிரதேசத்தில், ஃபோஜா நகரைச் சுற்றியுள்ள தவோலியெரே என்னும் பெருஞ்சமவெளியின் நிலையோ இதற்கு மாறானது. அங்கே குளிர்காலத்தில் புல் உண்டு; கோடையில் நிலம் காய்ந்து வெடித்துவிடும். ஓரிடத்தில் தீவனம் ஒழியுங் காலமே மற்றோரிடத்தில் அது தளிர்க்குங் காலமாய் இருந்தமையால், ஆடுகளை வருஷத்துக்கு இருமுறை நடத்திச் செல்வது மேய்ப்பவரின் முறையாயிற்று. புரட்டாசி, ஐப்பசி மாதங்களையொட்டி மந்தைகள் மலையினின்று இறங்கும்; மே மாதத்தில் திரும்ப ஏறும். இவ்விரண்டு நிலங்களுக்கும் இடையே கிடப்பது மோலிசே. ஆதலின் அது மந்தைகளின் நடைவழியாயிற்று.

புல்வழியின் அளவும் பயனும்

இவ்வழிக்கு அத்தேசத்தில் 'திராத்தூரோ' என்று பெயர். பெரிய வழியின் சட்டப்படியான அகலம் 60 நேப்பிள்ஸ் எட்டு, அதாவது 111 மீட்டர். பெஸ்காஸ்ஸெரோலி என்னும் மலையூரிலிருந்து காந்தேலா வரை செல்லும் வழி 211 கிலோமீட்டர். லாக்விலாவிலிருந்து ஃபோஜா வரை செல்வது 244 கிலோமீட்டர். இவையன்றி, இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் குறுகிய கிளைவழிகளும் பல இருந்தன.

நடப்பதற்கு மட்டுமாயின் இத்தனை அகலம் வேண்டுவதில்லை. மந்தை நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வரையே செல்லும். பயணம் முடிய இரண்டு வாரம் வரை ஆகும். அத்தனை நாளும் ஆடு தின்னவேண்டுமே. குறுகிய பாதையில் நடத்தினால் அது பட்டினியால் மெலியும், அல்லது பக்கத்து வயலில் பாயும். வழியே மேய்ச்சல் நிலமாகவும் இருந்தமையால் ஆடு தின்றுகொண்டே நடந்தது, பயிரும் தப்பியது. பெஸ்காஸ்ஸெரோலி வழி ஒன்றே முழு அகலத்தோடு கணக்கிட்டால் 5,700 ஏக்கருக்கு மேற்பட்ட புல்தரையாகும். நம் வழக்கில் மேய்ச்சல் புறம்போக்கு என்று சொல்லத்தக்க நிலம், ஒரே நாடாவாக நூற்று முப்பது மைல் நீண்டு கிடப்பதாக எண்ணிக்கொண்டால் இதன் தன்மை விளங்கும்.

மந்தையோடு சென்றவர்களில் தலைமேய்ப்பன், பாலாடைக்கட்டி செய்பவன், பொதி கழுதைகளை ஓட்டுபவன், ஏவல் செய்யும் சிறுவர் என வேலைப் பிரிவு இருந்தது. இரவில் கயிற்று வலையால் பட்டி கட்டி ஆடுகளை அடைத்தனர். ஓநாய்க்கு அஞ்சி வெண்ணிறமான பெருநாய்களை உடன் வைத்திருந்தனர். அந்நாய்களின் கழுத்தில் வெளிமுகமாய் முட்கள் நீட்டிய இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருக்கும். ஓநாய் கழுத்தைக் கவ்வாதபடி அது காக்கும்.

சேபீனோவின் கல்வெட்டு

இவ்வழக்கம் மிகப் பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய வர்ரோ என்னும் ரோமர், புல்யாவின் ஆடுகள் கோடைக்கு மோலிசே உள்ளிட்ட சாம்னியம் நாட்டுக்கு ஓட்டிச் செல்லப்படுவதையும், அவற்றின் தொகையை வரிக் குத்தகைதாரனிடம் பதியவேண்டியிருந்ததையும் குறிப்பிடுகிறார்.

மாத்தேசே மலையடிவாரத்தில் சேபீனோ என்னும் ஊருக்கு அருகில் ஒரு ரோமர் நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. மதிலும், நான்கு வாயில்களும், சந்தைவெளியும், நாடக அரங்கும் இன்றும் காணத்தக்க நிலையில் இருக்கின்றன. பெஸ்காஸ்ஸெரோலியிலிருந்து வரும் புல்வழி ஒரு வாயிலால் நுழைந்து, நகரின் பிரதான வீதியாகவே சென்று, எதிர்வாயிலால் வெளியேறுகிறது. பிற்காலத்து உழவர்கள் அரங்கின் வளைவான சுவர்மேலேயே வீடு கட்டிக் குடியிருந்தனர். அவ்வீடுகளும் அரைவட்டமாய் அமைந்து நிற்கின்றன.

மேற்கு வாயிலில் கி.பி. 170-ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு உண்டு. சக்கரவர்த்திக்குரிய மந்தைகளை நடத்திச் சென்ற மேய்ப்பவரை, ஓடிப்போன அடிமைகள் என்று குற்றஞ்சாட்டி, நகர அதிகாரிகளும் காவலரும் தடுத்துவைத்தனர், ஆடுகளும் கைப்பற்றப்பட்டன. இத்தொல்லையை நிறுத்தாவிடில் விசாரணை நடக்கும் என்று ரோமிலிருந்த மேலதிகாரிகள் எச்சரித்த கடிதங்களே அவ்வாயிலில் எல்லோரும் காணும்படி வெட்டப்பட்டுள்ளன. ஓரிடத்தில் நிலைத்திருப்பவருக்கும் மந்தையோடு வந்து போகிறவருக்கும் இடையே நிகழும் வழக்கு 1,800 வருஷங்களுக்கு முன்னரே இருந்ததென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஃபோஜாவின் ஆட்டுச் சுங்கம்

1447-ஆம் வருஷத்தில் நேப்பிள்ஸ் அரசரான அல்போன்ஸோ, ஆடு பெயர்வதைச் சர்க்கார் காரியமாக்கி, 'ஆட்டுச் சுங்கம்' என்னும் இலாகாவை ஏற்படுத்தினார். சில வருஷங்களில் அதன் தலைமையிடம் ஃபோஜா ஆயிற்று. மலையிலிருந்து வரும் மந்தைக்காரர் தலைக்கு இவ்வளவென்று வரி கட்டவேண்டும். அதற்கு ஈடாகச் சமவெளியில் அவர்களுக்கு மேய்ச்சல் பங்கு ஒதுக்கப்பட்டது. வழியில் பாதுகாப்பும், அவர்கள் வழக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றமும் கிடைத்தன. ஸ்பெயினிலிருந்து மெரினோ ஜாதிக் கிடாக்கள் தருவிக்கப்பட்டு நாட்டு ஆடுகளுடன் சேர்க்கப்பட்டன. மென்மையான கம்பளி தரும் 'ஜென்தீலே தி புல்யா' என்னும் ஜாதி இக்கலப்பின் வழியே வந்ததாகும்.

புல்வழியின் ஓரத்து நிலத்தையுடையவர் வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுவது எங்கும் நிகழக்கூடியதே. ஆகையால் இலாகா அவ்வப்போது வழிகளை மறுபடி அளந்து, ஆக்கிரமிப்பை நீக்கி, எல்லைக் கற்களை நாட்டியது. 1651-இல் நடந்த அளவை இவற்றுள் பெயர்பெற்றது. அரசவழி எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்கள் பொறித்த எல்லைக் கற்கள் சில இன்றும் வயலோரங்களில் நிற்கின்றன.

இவ்வேற்பாட்டினால் விளைந்தது நன்மை மட்டுமன்று. சமவெளியில் உழக்கூடிய நல்ல நிலம் வரி வருமானத்துக்காகப் புல்லாகவே கிடக்கவேண்டியிருந்தது. உழவருக்கு அங்கு இடம் குறுகியது. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் அறிஞர் பலர் இதைக் கண்டித்தெழுதினர். 1806-இல் பிரெஞ்சு ஆட்சியின்போது ஆட்டுச் சுங்கம் ஒழிக்கப்பட்டது. 1865-இல் வந்த மற்றொரு சட்டம் சமவெளி நிலத்தைப் பழைய மேய்ச்சற் கட்டுப்பாட்டினின்று விடுவித்தது. கோதுமை சாகுபடி பரவியது; குளிர்கால மேய்ச்சல் சுருங்கியது. 1908-ஆம் வருஷத்துச் சட்டம் நான்கு பெருவழிகளை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை விற்க இடங்கொடுத்தது. பின்னர் ஆடுகள் ரெயிலிலும், லாரியிலும் ஏற்றப்பட்டன. நடந்து செல்லும் மந்தை அரிதாயிற்று.

வழியை அடுத்த ஊர்களும் கைத்தொழில்களும்

மந்தை கடந்து செல்லும் ஊருக்கு வேலை குறையாது. மேய்ப்பவனுக்குக் கம்பளி கத்தரிக்கும் கத்தரியும், கத்தியும் வேண்டும். பால் காய்ச்சச் செப்புக் கொப்பரை வேண்டும். மந்தைக்கு மணி வேண்டும். ஃப்ரோசலோனே என்னும் ஊர் கத்திக்கும் கத்தரிக்கும் பேர்பெற்றது. அத்தொழில் அங்கு இன்னும் நடைபெறுகிறது. அஞ்ஞோனே என்னும் ஊர் செப்புக் கொல்லருக்கும், கோயில் மணி வார்ப்பவருக்கும் புகழ்பெற்றது. ஸ்காபொலியில் ஆட்டுத்தோற் பையும் மரக்குழல்களும் கொண்ட 'ஸம்போஞ்ஞா' என்னும் துருத்திவாத்தியம் செய்கின்றனர். மேய்ப்பவர் தம் வாத்தியமாகிய இதற்கு அவ்வூரில் ஒரு காட்சிசாலையும், ஜூலை மாதத்தில் ஒரு விழாவும் உண்டு.

அஞ்ஞோனேயில் செய்யப்படும் 'காச்சோகவால்லோ' என்னும் பாலாடைக்கட்டி, கெடாமல் வைத்து விற்பதற்கேற்ற பண்டம். பசும்பாலைக் காய்ச்சி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் திரட்டி, அத்திரளைச் சில மணி நேரம் புளிக்க வைப்பார்கள். பிறகு வெந்நீரிலிட்டுக் கையால் இழுத்து நீட்டிப் பிசைந்து, கழுத்துடைய சுரைக்காய் வடிவமாக்கி, உப்புநீரில் ஊறவைத்து, இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்து ஒரு கழியின் இருபுறமும் தொங்கவிட்டு மாதக்கணக்கில் முற்றவிடுவார்கள். பால் ஒரு நாளிற் கெடும். இக்கட்டியோ நீண்ட பயணத்துக்கும் தாங்கும். சந்தையினின்று தொலைவிலுள்ள மலையூருக்கு ஏற்ற உபாயம் இது.

1,421 மீட்டர் உயரத்திலுள்ள காப்ரகோட்டா என்னும் ஊரில் ஆகஸ்டு மாதத்தில் ஆட்டிறைச்சிக் குழம்பு விழா நடக்கிறது. நடக்கமாட்டாத கிழட்டு ஆட்டையும், வழியில் கால் முறிந்த ஆட்டையும் வீணாக்காமல், மலைப்பூண்டுகளுடன் நெடுநேரம் வேகவைத்துத் தின்ற மேய்ப்பவரின் உணவே இன்று விருந்தாகியுள்ளது.

உழவும் தோட்டமும்

தாழ்ந்த குன்றுகளில் கோதுமையும், ஒலிவமும், திராட்சையும் பயிராகின்றன. மேற்கெல்லையிலுள்ள வெனாஃப்ரோவின் ஒலிவ எண்ணெயை ரோமர் சிறந்ததென மதித்தனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கேட்டோ, மண்வெட்டியும் வீட்டு ஓடும் அவ்வூரில் வாங்கவேண்டுமென்று எழுதியிருக்கிறார். அங்குள்ள பழைய ஒலிவத் தோப்புகள் இன்று பாதுகாக்கப்பட்ட பூங்காவாக உள்ளன.

'தின்தீலியா' என்னும் கருந்திராட்சை மோலிசேக்கு உரியது. மகசூல் குறைவென்று அதை நீக்கி, அதிகம் காய்க்கும் வேறு ரகங்களை நட்டமையால் அது அருகிப்போயிற்று. பின்னர் அதன் தரத்தை உணர்ந்த தோட்டக்காரர் மீண்டும் நட்டனர். 2011-இல் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. மகசூல் ஒன்றையே அளவாகக் கொண்டிருந்தால் இந்த ரகம் முற்றும் அழிந்திருக்கும்.

கடலை அடுத்த ஸான் மார்த்தினோ, ஊருரி, போர்த்தோகன்னோனே என்னும் ஊர்களில் வசந்தகாலத்தில் எருது பூட்டிய வண்டிப் பந்தயம் நடைபெறுகிறது. இவற்றுள் பின்னிரண்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து குடியேறிய அல்பேனியரின் ஊர்கள். அவர்தம் மொழி இன்னும் வழங்குகிறது. ஜெல்சி என்னும் ஊரில் ஜூலை 26-ஆம் நாள் கோதுமைக் கதிராலும் வைக்கோலாலும் பின்னி அலங்கரித்த வண்டிகள் ஊர்வலம் வரும். 1805-ஆம் வருஷம் அதே நாளில் மோலிசேயில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பூகம்பத்தின் நினைவாக நடக்கும் விழா இது.

ஊர்கள் வெறுமையானது

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பாகம் முதல் மோலிசே ஜனங்கள் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கூட்டங் கூட்டமாய்க் கப்பலேறினர். மந்தைத் தொழில் குன்றியதும், பங்கிட்டுப் பங்கிட்டு நிலம் சிறுத்ததும், வரிச்சுமையும் இதற்குக் காரணங்கள். 1907 டிசம்பர் 6-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மொனொங்கா என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 360-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் ஃப்ரோசலோனே, துரோனியா முதலிய மோலிசே ஊர்களிலிருந்து சென்றவர்கள். மந்தைக்குக் கத்தரி செய்த ஊரின் பிள்ளைகள், மேல்நாட்டுச் சுரங்கத்தில் கூலியாய் மடிந்தனர்.

1943 நவம்பரில் பின்வாங்கிய ஜெர்மன் சேனை காப்ரகோட்டாவின் வீடுகளைத் தகர்த்தது. யுத்தத்துக்குப்பின் மறுபடியும் பலர் வெளியேறினர். 1951-இல் நான்கு லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை இன்று மூன்று லட்சத்தை எட்டவில்லை. பல ஊர்களில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பூட்டிய வீடுகளே மிகுதி.

இன்றைய முயற்சிகள்

1976-இல் இத்தாலிய சர்க்கார் மோலிசேயின் புல்வழிகளைப் பழம்பொருட் சிறப்புடையவை என அறிவித்துக் காப்பில் எடுத்துக்கொண்டது. சில பாகங்கள் முன்பே உழப்பட்டும், தார்ரோடாகியும் போயின. எஞ்சிய பாகங்களில் நடைப்பயணிகளும் குதிரைப் பயணிகளும் செல்கின்றனர். போயானோவிலிருந்து சேபீனோவுக்கு மலையடிவாரமாய் நடந்து செல்வோர் பழைய வழியின் தன்மையை நன்கு அறியலாம். மந்தை பெயரும் வழக்கத்தை 2019-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம், இத்தாலி, ஆஸ்திரியா, கிரீஸ் ஆகிய மூன்று தேசங்களின் பெயரால் மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. 2023-இல் வேறு சில தேசங்களும் சேர்க்கப்பட்டன.

2019-இல் பிரதேச சர்க்கார் 2,000-க்குக் குறைந்த ஜனங்களுள்ள ஊரில் வந்து குடியேறித் தொழில் தொடங்குவோருக்கு, மூன்று வருஷம் மாதம் 700 யூரோ வீதம் உதவி அளிப்பதாக அறிவித்தது. இத்தகைய பணவுதவி ஆளை வரவழைக்கலாம். ஊரில் நிறுத்துவது தொழிலே. காஸ்டெல் தெல் ஜூதிசே என்னும் சிற்றூர் இதற்கு நல்ல உதாரணம். அங்கு சுமார் 300 பேரே வாழ்கின்றனர். மூடிய பள்ளிக் கட்டடத்தை முதியோர் இல்லமாக்கினர். ஊர் ஜனங்களும் அதில் பங்கு எடுத்துக்கொண்டனர். கைவிட்டுத் தரிசாய்க் கிடந்த சிறுசிறு துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்து, ரசாயன உரமின்றி ஆப்பிள் தோட்டம் வைத்தனர். இடிந்த மாட்டுக் கொட்டில்களைப் பழுதுபார்த்து விருந்தினர் தங்கும் விடுதியாக்கினர். ஊர்ப் பொதுவில் தேனீ வளர்ப்பும் நடைபெறுகிறது. பெரிய மூலதனத்தைக் காட்டிலும், வீணாய்க் கிடந்தது யாது என்று ஊரார் கூடிக் கணக்கெடுத்ததே இங்கு முதற் காரியம்.

கவனிக்கத்தக்கவை

மோலிசேயின் வரலாற்றினின்று கீழ்க்கண்டவை பெறப்படும்.

1. மேய்ச்சலுக்கென விடப்பட்ட நிலம் வீண்நிலம் ஆகாது. அது ஆட்டுக்குத் தீவனம், வயலுக்குக் காவல், ஊருக்கு வேலை ஆகிய மூன்றையும் தந்தது. எனினும் நல்ல உழவு நிலத்தையும் புல்லாகவே கட்டாயப்படுத்தி வைத்தபோது உழவருக்குத் துன்பமாயிற்று. எந்நிலம் எதற்கென்பதை நிலத்தின் தன்மையே தீர்மானிக்கவேண்டும். வரி வருமானம் தீர்மானித்தல் ஆகாது.

2. பொதுநிலம் எழுத்தளவிலான உத்தரவால் மட்டும் நிலைக்காது. அளந்து, கல் நாட்டி, காலந்தோறும் மீண்டும் அளந்து பார்த்தவரையில் அது நின்றது. அளவை நின்றபின் ஓரத்து ஏர் உள்ளே வந்தது.

3. நிலைத்த குடிக்கும் பெயரும் மந்தைக்கும் உள்ள வழக்கு ஒருபோதும் தானாய்த் தீராது. இருவர் பேச்சையும் கேட்டுத் தீர்ப்பளிக்க அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

4. ஒரு தொழில் அழியும்போது அதைச் சார்ந்த பத்துத் தொழில்கள் உடன் அழியும். ஆகவே பழைய தொழிலை விடுவதற்கு முன்பே, அதே மண்ணிலும் அதே ஊரிலும் செய்யத்தக்க வேறொன்றைத் தொடங்கிவிடுதல் வேண்டும். தொழில் இன்றியபின் தொடங்கலாம் என்றிருந்தால், தொடங்குவதற்கு ஊரில் ஆள் இருக்கமாட்டார்கள்.